தெளிந்த நீரில் மாண்ட மீன்கள்

முன்னுரை

நீர் தெளிந்திருந்தால் அது தூயது என்று கொள்வது மக்கள் இயல்பு. கலங்கிய நீரைக் கண்டால் அஞ்சுகிறோம். தெளிந்த நீரைக் கண்டால் நம்புகிறோம். கண் காண்பதையே முடிந்த சான்றாகக் கொள்ளும் இவ்வியல்பு எத்துணைப் பெரிய பிழைக்கு இடந்தரும் என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு சிறிய மீன்தொட்டியே ஆகும்.

கேலாங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில், தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்புப் பயிலும் என் இளைய மகளின் பிறந்தநாளையொட்டி ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினோம். நீளம் 60 சென்டிமீட்டர். அகலமும் உயரமும் 30 சென்டிமீட்டர். குழாய்நீரை நிரப்பி, வடிகட்டியைப் பொருத்தி, அன்று மாலையே பன்னிரண்டு மீன்களை விட்டோம். நீர் பளிங்குபோல் இருந்தது. நான்காம் நாள் இரண்டு மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து திறந்து மூடின. ஒன்பதாம் நாள் காலையில் ஒரு மீனும் உயிரோடு இல்லை.

"அப்பா, நான் என்ன தவறு செய்தேன்?" என்று குழந்தை கேட்டாள். "உணவை அளவுக்கு மீறிப் போட்டிருப்பாய்" என்று விடையிறுத்தேன். தலைமையாசிரியன் அல்லவா? தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பிறகு தொட்டியையும் கூழாங்கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் குழாய்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பி, வேறு ஆறு மீன்களை விட்டேன். அவையும் எட்டு நாளில் மாண்டன. இம்முறை குழந்தை உணவிட்டது நாளுக்கு ஒருமுறை, அதுவும் என் கண்முன். எனவே என் விடை பொய்த்தது. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லி, ஒரு குழந்தையின்மேல் பழியை ஏற்றிவிட்டேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அந்த மீன்கள் ஏன் மாண்டன என்று தேடப் புகுந்தபோது, அவ்வினாவுக்குப் பின்னே ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டு வரலாறு இருப்பதைக் கண்டேன். அவ்வரலாற்றையே ஈண்டுச் சுருக்கமாகக் கூற முற்படுகிறேன்.

குளமும் தொட்டியும்

நீரில் மீன் வாழ்வது தமிழனுக்குப் புதிய செய்தியன்று. கயலும் கெண்டையும் விராலும் அயிரையும் நம் இலக்கியங்களில் துள்ளி விளையாடாத இடமில்லை. பாண்டியர் மீனையே கொடியாகக் கொண்டனர். குளத்தில் மீன் இருப்பதே இயல்பு என்று நம்மவர் எண்ணியதால்தான், மீன் இல்லாத குளத்துக்கு ஒரு காரணக்கதை தேவைப்பட்டது. மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் மீன்கள் வாழாமைக்கு ஒரு நாரை பெற்ற வரமே காரணம் எனத் திருவிளையாடற் புராணம் கூறுவது ஆசிரியர்கள் அறிந்ததே.

ஆனால் குளம் வேறு, தொட்டி வேறு. குளத்தின் அடியில் சேறு உண்டு; கரையில் பாசி உண்டு; நத்தையும் புழுவும் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்களும் உண்டு. மீன் கழிப்பதை அவை ஏற்றுக்கொள்கின்றன. அத்துடன் ஒரு மீனுக்குக் கிடைக்கும் நீரின் அளவும் மிகப் பெரிது. கண்ணாடித் தொட்டியிலோ சேறில்லை, பாசியில்லை, பரப்பும் இல்லை. நாம் அழுக்கு என்று கருதி நீக்கிய அனைத்தையும் நீக்கிய பின் எஞ்சுவது நீரும் மீனும் மட்டுமே. சிக்கல் தொடங்குவது அவ்விடத்தில்தான்.

கண்ணாடிக்குள் ஒரு குளம்

அழகுக்காக மீன் வளர்க்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. சீனர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தங்கமீன்களைக் குளங்களில் வளர்த்து, மிங் அரசர் காலத்தில் பீங்கான் கலங்களிலும் வளர்த்தனர். எனினும், நீரை அடிக்கடி மாற்றாமல் ஒரு கண்ணாடிக் கலத்துக்குள் மீனைப் பல மாதம் உயிரோடு வைத்திருக்கும் முறையை ஆராய்ந்து எழுதியவர் இலண்டன் நகரத்து வேதியியலறிஞரான இராபர்ட் வாரிங்டன் என்பவரே. இவர் 1841ஆம் ஆண்டில் இலண்டன் வேதியியற் கழகம் தோன்றக் காரணமாக இருந்தவர்.

1849ஆம் ஆண்டில் அவர் பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிக் கலம் ஒன்றில் இரண்டு தங்கமீன்களை விட்டார். நாடா போன்ற இலைகளையுடைய வாலிஸ்நேரியா எனும் நீர்த்தாவரத்தையும் அதில் நட்டார். சில காலத்தில் தாவரத்தின் பழுத்த இலைகள் அழுகி, நீர் கலங்கத் தொடங்கியது. வாரிங்டன் அக்கலத்தைக் கவிழ்த்துக் கழுவவில்லை. குளத்தில் இவ்விலைகளை யார் அகற்றுகிறார் என்று தம்மைத்தாமே வினவிக்கொண்டார். குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்றன, நீர் தெளிந்தது, மீன்கள் நலமாயின. இம்முடிவை அவர் 1850ஆம் ஆண்டில் வேதியியற் கழகத்தின் இதழில் வெளியிட்டார். மீன் விடும் கரியமிலவாயுவைத் தாவரம் ஏற்கிறது; தாவரம் விடும் உயிர்வளியை மீன் ஏற்கிறது; கழிவை நத்தை ஏற்கிறது. இதுவே அவர் கண்ட சமநிலை.

பன்னிரண்டு காலன் என்பது ஏறத்தாழ 54 லிட்டர். எங்கள் வீட்டுத் தொட்டியின் கொள்ளளவும் அதுவே. அவர் வைத்தவை இரண்டு மீன்கள். நாங்கள் முதல் நாளே விட்டவை பன்னிரண்டு. இக்கணக்கைப் பார்த்தபோதே என் முதற்பிழை எனக்கு விளங்கிற்று.

வாரிங்டனுக்குச் சற்று முன்னரே, 1846ஆம் ஆண்டளவில், ஆனா தைன் எனும் பெண்மணி இலண்டனில் தம் இல்லத்தில் கடலுயிர்களை வளர்த்தார். நீருக்குக் காற்றூட்டுவதற்காக, திறந்த பலகணி அருகே நின்று நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றும் பணியைத் தம் பணிப்பெண்ணிடம் ஒப்படைத்திருந்தார். இன்று ஒரு சிறு மின்பொறி செய்யும் வேலையை அன்று ஓர் ஏழைப் பெண்ணின் கைகள் செய்தன. அப்பெண்ணின் பெயர் வரலாற்றில் நிலைக்கவில்லை.

1845ஆம் ஆண்டில் பிரிட்டனில் கண்ணாடிமீதான வரி நீக்கப்பட்டதால் கண்ணாடி மலிந்தது. 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்கியல் பூங்காவில் மீனகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் என்பவர் எழுதிய நூல், 'அக்குவேரியம்' என்னும் சொல்லை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது.

சென்னையும் சிங்கப்பூரும்

இக்கலை கீழ்த்திசைக்கு வந்த வரலாற்றில் தமிழகத்துக்கு முதலிடம் உண்டு. இந்தியாவின் முதல் மீன்காட்சியகம் 1909ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதற்கு முன்னின்று உழைத்தார். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய தொகுதிகளால் அவர் பெயரை அறிந்த தமிழாசிரியர் பலர், அவருடைய இம்முயற்சியை அறிந்திருக்கமாட்டார்கள். இரண்டாம் உலகப் போர் அக்காட்சியகத்தின் வாழ்வை முடித்துவிட்டது.

சிங்கப்பூரில் அமைந்த மீன்காட்சியகத்தின் கதை வேறு வகையானது. இங்கு வாழ்ந்து பொருளீட்டிய கார்ல் வில்லெம் பெஞ்சமின் வான் கிளீஃப் எனும் டச்சுக்காரர், தாயகம் திரும்பி 1930ஆம் ஆண்டில் மறைந்தபோது, நகரை அழகுபடுத்துவதற்கெனத் தம் உடைமையைச் சிங்கப்பூர் நகராட்சிக்கு எழுதிவைத்தார். அப்பொருளைக் கொண்டு மீன்காட்சியகம் அமைக்கும் எண்ணம் போரினால் தள்ளிப்போயிற்று. இறுதியில் 1955ஆம் ஆண்டு செப்டம்பரில், ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில், ரிவர் வேலி சாலையில் வான் கிளீஃப் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. பள்ளிச் சுற்றுலா என்றாலே அங்கே செல்வது என்றிருந்த காலம் ஒன்றுண்டு. குளிரூட்டிய அவ்விருண்ட கூடத்தில், ஒளிவீசும் கண்ணாடிகளில் மூக்கை ஒட்டிவைத்து நின்ற சிறுவர்களுள் நானும் ஒருவன். 1991ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. பின்னர்ச் சில ஆண்டுகள் வேறு பெயர்களில் இயங்கி, 1998ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. செந்தோசாவில் 1991ஆம் ஆண்டு தொடங்கிய கடலடிக் காட்சியகமும் 2016ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

காட்சியகங்கள் வந்து போயினும் மீன் வாணிகம் நிலைத்தது. அலங்கார மீன்களை உலகுக்கு அனுப்பும் நாடுகளின் முன்வரிசையில் இச்சிறு தீவு நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் 'லுவோஹான்' எனும் முன்நெற்றி புடைத்த மீனின்மீது இங்கு எழுந்த மோகத்தைப் பலரும் மறந்திரார். தேக்கா, கேலாங், செராங்கூன் எங்கும் வீட்டுக்கு வீடு தொட்டிகள் முளைத்தன. அவற்றுள் எத்தனை தொட்டிகளில் முதல் மாதத்திலேயே மீன்கள் மாண்டிருக்கும் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

தந்தை விட்டதை மகன் தொட்டது

மூத்த வாரிங்டன் கண்ட சமநிலையில் ஒரு குறை இருந்தது. மீன் விடுவது கரியமிலவாயு மட்டுமன்று. அதன் செவுள்களிலிருந்து அமோனியா என்னும் நச்சும் இடையறாது வெளிப்படுகிறது. எஞ்சிய உணவும் கழிவும் அழுகும்போதும் அதுவே பிறக்கிறது. அது நிறமற்றது, நீரைக் கலக்காது. தெளிந்த நீரில் மீன் மாளும் புதிருக்கு விடை இதுதான். அந்த அமோனியா குளத்தில் எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியாது. அவர் 1867ஆம் ஆண்டில் மறைந்தார்.

பத்தாண்டு கழித்து, 1877ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டறிஞர்களான ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும் ஒரு சோதனை செய்தனர். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்ல மெல்லச் செலுத்தினர். ஏறத்தாழ இருபது நாள் வரை நீரிலிருந்த அமோனியா மாற்றமின்றி வெளிவந்தது. அதன்பின் அமோனியா குறைந்து நைட்ரேட் எனும் உப்புத் தோன்றலாயிற்று. மணலின் இயல்பு அதைச் செய்திருந்தால் முதல் நாளே அன்றோ செய்திருக்கும்? இந்த இருபது நாள் தாமதம் ஏன் என்று அவர்கள் சிந்தித்தனர். குளோரோபார்ம் ஆவியைக் குழாயினுள் செலுத்தியபோது மாற்றம் நின்றுவிட்டது. சிறிது மண்ணைக் கரைத்த நீரை ஊற்றியபோது, சில நாள் கழித்து அது மீண்டும் தொடங்கியது. எனவே, இப்பணியைச் செய்வது மணலன்று. மணலில் குடியேறும் உயிர்களே என்று அவர்கள் துணிந்தனர்.

அவ்விருபது நாள் என்ற சொல்லைப் படித்தபோது நான் நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். எங்கள் மீன்கள் முதன்முறை ஒன்பது நாளிலும் இரண்டாம் முறை எட்டு நாளிலும் மாண்டன. காக்க வேண்டிய உயிர்கள் வந்து சேரும் முன்னரே காக்கப்பட வேண்டிய உயிர்களை நான் விட்டுவிட்டேன்.

இவ்வாராய்ச்சியை மேலும் முன்னெடுத்தவர் யார் என்பதே இவ்வரலாற்றின் வியப்பு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண்மை ஆய்வகத்தில், இதே பொருளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த இராபர்ட் வாரிங்டன் என்பவர், மீன்தொட்டி கண்ட மூத்த வாரிங்டனின் மகன். தந்தையும் மகனும் ஒரே பெயரினர். அமோனியா நேரே நைட்ரேட்டாக மாறுவதில்லை. முதலில் நைட்ரைட்டாக மாறி, அதன்பின் நைட்ரேட்டாகிறது. இவ்விரு படிகளையும் செய்பவை வெவ்வேறு நுண்ணுயிர்கள் என்று மகன் காட்டினார். எனினும் அவ்வுயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. 1890ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி அதில் வெற்றி கண்டார். பிற நுண்ணுயிர்களுக்கு இடும் ஊன்சாற்று உணவில் இவை வளரமாட்டா என்று உணர்ந்து, அவ்வுணவை அறவே நீக்கிய நீரில் அவர் அவற்றை வளர்த்தார்.

மகன் ஆராய்ந்தது வயல் மண்ணின் வளத்தை, மீன்தொட்டியை அன்று. ஆனால் தந்தையின் தொட்டியில் விடைபெறாது நின்ற வினாவுக்கு மகனின் மண்ணில் விடை கிடைத்தது. இவ்வுண்மையை மீன் வளர்ப்போர் தமதாக்கிக்கொள்ளப் பல்லாண்டு ஆயிற்று. ஆராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை. இரண்டாம் படியைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அதனைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்னும் வேறோர் இனம் என்று 1998ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது. 2005ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சியாட்டில் மீன்காட்சியகத் தொட்டி ஒன்றிலிருந்தே, அமோனியாவை மாற்றும் முற்றிலும் புதியதோர் உயிர்வகை பிரித்தெடுக்கப்பட்டது.

நம் குழாய்நீரின் கதை

மீன் சாவுக்கு மற்றொரு காரணமும் உண்டு. அது நம் நகரத்தின் வரலாற்றோடு பிணைந்தது. சிங்கப்பூரின் தொடக்கக் காலத்து மக்கள் கிணறுகளையும் ஓடைகளையும் நம்பி வாழ்ந்தனர். நகருக்கு நன்னீர் கிடைக்கவேண்டுமென்று 1857ஆம் ஆண்டில் வணிகர் டான் கிம் செங் 13,000 வெள்ளி வழங்கினார். இன்று மெக்ரிட்சி எனப்படும் நீர்த்தேக்கம் 1868ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது.

நீரை நல்குவது ஒரு பணி. நோயின்றி நல்குவது மற்றொரு பணி. வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் நீர்வழியே பரவுவதைத் தடுக்க, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடிநீரில் குளோரின் சேர்க்கும் முறை எழுந்தது. 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெர்சி நகரில் அது பெருமளவில் நடைமுறைக்கு வந்து, பின்னர் உலகெங்கும் பரவியது. எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்த அப்பொருளே மீனின் செவுளை எரிக்கிறது. தொட்டியில் குடியேற வேண்டிய நல்ல நுண்ணுயிர்களையும் கொல்லுகிறது. நமக்கு அமுதம் அவற்றுக்கு நஞ்சு.

"நீரை ஒரு நாள் வாளியில் திறந்துவைத்தால் போதும்" என்பது பழைய அறிவுரை. வெறும் குளோரின் காற்றில் கலந்து போய்விடும் என்பதால் அக்காலத்துக்கு அது பொருந்திற்று. இன்று சிங்கப்பூர்க் குழாய்நீரில் இருப்பதோ குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமீன். நெடுந்தொலைவுக் குழாய்களிலும் கெடாமல் நிலைத்து நிற்பதற்கென்றே அது சேர்க்கப்படுகிறது. ஆதலால் ஒரு நாள் வைத்தாலும் எளிதில் அகலாது. குளோரினை முறிக்கும் மருந்தை மட்டும் இட்டால், பிரிந்த அமோனியா நீரிலேயே தங்கும். இரண்டையும் அடக்கும் மருந்து தேவை. முன்னோர் சொல் பொய்யன்று; அவர்கள் கண்ட நீர் வேறு, நாம் காணும் நீர் வேறு.

கம்பத்துப் புட்டியில் மீன் வாழ்ந்தது எவ்வாறு?

இதனைக் கேட்ட என் வயதொத்த நண்பர் ஒருவர், "நாம் சிறுவராக இருந்தபோது வடிகட்டி ஏது, மருந்து ஏது? புட்டியில் விட்ட மீன் பிழைக்கவில்லையா?" என்று வினவினார். நல்ல வினா. கேலாங் சிராய்க் கம்பத்து வீடுகளின் பின்புறம், மலாய்மொழியில் 'லோங்காங்' எனப்படும் கால்வாயில் இறங்கிக் கப்பி மீன் பிடிக்காத சிறுவன் அக்காலத்தில் அரிது. சண்டைமீனைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, 'கெத்தாப்பாங்' எனப்படும் நாட்டுவாதுமையின் காய்ந்த இலையைப் போட்டு வைப்போம்.

அம்மீன் பிழைத்தமைக்குக் காரணங்கள் உண்டு. சண்டைமீனுக்குச் செவுளோடு, காற்றை நேரே உள்வாங்கும் தனி உறுப்பும் உண்டு. எனவே உயிர்வளி குறைந்த நீரிலும் அது உயிர் தாங்கும். புட்டிக்கு ஒரு மீனே. உணவோ இரண்டொரு கொசுப்புழு. நீரை நாள்தோறும் மாற்றினோம். அந்நீரும் பெரும்பாலும் கிணற்றுநீர் அல்லது மழைநீர். இலையிலிருந்து இறங்கும் சாறு நீரைச் சற்றே புளிப்பாக்கும்; புளித்த நீரில் அமோனியாவின் நச்சுத்தன்மை குறையும். இவ்வளவுக்கும் பிறகு மாண்ட மீன்கள் எத்தனை என்பதை நாம் எண்ணிவைக்கவில்லை. பிழைத்ததை நினைவில் வைப்பதும் மாண்டதை மறப்பதும் மனித இயல்பு.

நாட்களைக் கொண்டு நோய் அறிதல்

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல், மீன் எந்த நாளில் மாண்டது என்பதைக் கொண்டே காரணத்தைப் பெரும்பாலும் உய்த்துணரலாம்.

முதல் நாளிலேயே, சில மணிநேரத்துக்குள் மாண்டால், குளோரமீனையோ நீர்மாற்றத்தின் அதிர்ச்சியையோ ஐயுறல் வேண்டும். பையில் வந்த நீரின் வெப்பமும் காரத்தன்மையும் வேறு. தொட்டியின் நீர் வேறு. பையைத் தொட்டிநீரில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, தொட்டிநீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பிறகு மீனை மட்டும் எடுத்து விடுதல் நன்று. பையின் நீரில் கழிவு திரண்டிருக்குமாதலால் அதனைத் தொட்டியில் ஊற்றலாகாது.

மூன்றாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையில் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டால், அமோனியாவே முதற்குற்றவாளி. மேற்பரப்பில் வாய் திறத்தல், செவுள் சிவத்தல், துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொள்ளல், உணவை மறுத்தல் ஆகியன அதன் அறிகுறிகள். நீர் காரத்தன்மை மிகுந்ததாயின் தீங்கு பன்மடங்காகும். 28 பாகை வெப்பத்தில், காரஅமில அளவு 7ஆக உள்ள நீரிலிருப்பதைவிட 8ஆக உள்ள நீரில் நச்சு வடிவ அமோனியாவின் பங்கு ஏறத்தாழ ஒன்பது மடங்கு மிகும்.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் மாண்டால் நைட்ரைட்டை நினைக்க வேண்டும். முதற்படி நுண்ணுயிர்கள் வந்துவிட்டன. இரண்டாம் படியின வரவில்லை. நைட்ரைட் குருதியில் கலந்து, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை அழித்து, குருதியைப் பழுப்பாக்குகிறது. நீரில் உயிர்வளி இருந்தும் மீன் மூச்சுத் திணறும்.

எல்லா மீன்களும் விடியற்காலையில் ஒருசேர மேலே வந்து திணறினால், நீரில் உயிர்வளி குறைந்தது எனக் கொள்ளலாம். 10 பாகை நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகை நீரில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். ஐரோப்பியர் எழுதிய கணக்கை நம் வெப்பநாட்டில் அப்படியே கொள்ளலாகாது. ஓரிரு மீன்கள் மட்டும், வெண்புள்ளியோ புண்ணோ தோன்றி மாண்டால், அதுவே நோய். புதுத் தொட்டியில் நோயை முதலில் ஐயுற்று மருந்துகளைக் கொட்டுவோர் பலர். அம்மருந்துகளுள் சில நல்ல நுண்ணுயிர்களையும் அழித்துவிடும்.

செய்யத்தக்கன

மீன் மாளத் தொடங்கியதும் முதலில் நீரைச் சோதித்தல் வேண்டும். அமோனியா, நைட்ரைட் ஆகியவற்றை நிறமாற்றத்தால் காட்டும் சோதனைத் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டும் சுழியமாக இருத்தல் வேண்டும். இல்லையாயின், மருந்திட்ட, வெப்பம் ஒத்த புதுநீரால் தொட்டிநீரில் நான்கிலொரு பங்கு முதல் பாதி வரை மாற்றுக. தேவையாயின் மறுநாளும் மாற்றுக. உணவை ஓரிரு நாள் நிறுத்துக. மீன் அதனைத் தாங்கும். காற்றூட்டியை இடைவிடாது இயக்குக.

செய்யக்கூடாதது நான் செய்ததுதான். முழுநீரையும் கொட்டி, வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் கழுவினேன். ஒன்பது நாளில் அங்கே அரும்பத் தொடங்கியிருந்த சிற்றுயிர்க் குடியிருப்பை என் கையாலேயே அழித்தேன். பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்ல அலசுதல் வேண்டும்.

எல்லாவற்றினும் மேலானது காத்திருத்தல். சாதாரண நுண்ணுயிர்கள் பல அரைமணிப் பொழுதுக்குள் இருமடங்காகும். அமோனியாவை மாற்றுவனவோ பெரும்பாலும் ஒரு நாளோ மேலுமோ எடுத்துக்கொள்ளும். ஆகவே தொட்டியை அமைத்து, மீன் விடாமலே சிறிது உணவை இட்டு அழுகவிட்டு, நாள்தோறும் சோதித்து வந்தால், நான்கு முதல் ஆறு வாரத்தில் அமோனியா எழுந்து தணியும். நைட்ரைட்டும் எழுந்து தணியும். அதன்பின் இரண்டு மூன்று மீன்களாக விடலாம். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து பயன்படுத்திய பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் இக்காலம் பெரிதும் குறையும். ஷ்லோசிங்கும் முன்ட்ஸும் மண்கரைத்த நீரை ஊற்றியது இதற்கே.

முடிவுரை

2008ஆம் ஆண்டில் மரினா அணை திறக்கப்பட்டபின், கேலாங் ஆறு சென்று சேரும் காலாங் வடிநிலம் நன்னீர்த்தேக்கத்தின் ஒரு பகுதியாயிற்று. கடலோடு கலந்த நீர் பல மழைகளால் மெல்ல மெல்ல நன்னீராயிற்று. நாடும் அதற்காகக் காத்திருந்தது. ஒரு மாலைப்பொழுதில் மகளோடு அக்கரையில் நின்றபோது, "இதுவும் ஒரு தொட்டிதானா, அப்பா?" என்று அவள் கேட்டாள். ஆம் என்றேன். பிறகு, "அந்த மீன்கள் மாண்டது உன் தவறன்று, என் தவறு. அன்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்ததுபோல் சொல்லிவிட்டேன்" என்றும் சொன்னேன். அவள் சிறிது நேரம் எண்ணிவிட்டு, "அப்படியானால் இம்முறை எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டாள். முப்பத்தெட்டு நாள் காத்திருந்தோம். சோதனைக் குழாயின் நிறத்தை அவளே நாள்தோறும் ஏட்டில் குறித்தாள். இப்போது தொட்டியில் ஆறு மீன்கள் உள்ளன.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் இக்கட்டுரையால் நான் சொல்ல விழைவது இதுவே. ஒரு தொட்டி கண்ணுக்குத் தூயதாக இருப்பது வேறு. உயிர்வாழத் தக்கதாக இருப்பது வேறு. வகுப்பறையும் அத்தகையதே. புதிதாக வந்த மாணவன் முதல் வாரத்தில் வாடினால், அவன்மீது குறைகாணும் முன், அவனைத் தாங்கவேண்டிய சூழல் அங்கே வேரூன்றியதா என்று பார்த்தல் வேண்டும். காரணம் தெரியாதபோது, தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் வேண்டும். மூத்த வாரிங்டன் தம் தொட்டியில் அமோனியாவைக் காணவில்லை. ஆயினும் தாம் கண்டதை மட்டும் எழுதினார். அதனால் அவர் விட்ட இடத்திலிருந்து பின்வந்தோர் தொடர முடிந்தது.